நொய்யற் கரையில் அறமும் ஆறுதலும்

1. தோற்றுவாய்

'ஆறுதல்' என்னும் சொல் தமிழில் இரு நிலைகளில் வழங்குகின்றது. உடலிற் பட்ட புண் ஆறுகின்றது. உள்ளத்திற் பட்ட துயரும் ஆறுகின்றது. இரண்டற்கும் ஒரே வினையைத் தமிழர் ஆண்டமை கருதத்தக்கது. 'ஆறு' என்பது நெறிக்கும் நீரொழுக்கிற்கும் பெயராய் நிற்றலையும் நாம் அறிவோம். சொல்லொப்புமை ஒன்றே கொண்டு இவற்றிற்கெல்லாம் வேர் ஒன்றெனத் துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. ஆயினும், ஓர் ஊரின் வரலாற்றில் ஆறும், நெறியும், ஆறுதலும் ஒன்றையொன்று தழுவி நிற்கக் காண்கின்றோம். அவ்வூர் திருப்பூர்.

திருப்பூர் என்றவுடன் பின்னலாடையும் ஏற்றுமதியும் நினைவிற்கு வருதல் இயல்பு. அவ்வூரின் தொழில் வளர்ச்சியைப் பொருளியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது வேறொரு வினா. வறட்சியும், அடிமை வாழ்வும், ஆற்றின் அழிவும் அடுத்தடுத்து நேர்ந்தபோது அம்மக்கள் தம் உள்ளத்திற்கு ஆறுதலையும் நம்பிக்கையையும் எவ்வழியிற் பெற்றனர் என்பதே அது. இயற்கை, கூட்டுவாழ்வு, இன்னா செய்யாமை என்னும் மூன்றும் அங்கு ஒருங்கு நின்றபோது நம்பிக்கை தழைத்தது. அவற்றுள் ஒன்று பிரிந்தபோது ஏனைய இரண்டும் நலிந்தன. இதனை வரலாற்றுச் செய்திகள் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிலமும் பழமையும்

நொய்யலாறு வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் மாவட்டத்திற் காவிரியோடு கலக்கின்றது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிற் கிடத்தலின் இந்நிலத்தில் மழை குறைவு. ஆற்றுநீரைத் தடுத்துக் குளங்களில் தேக்கியும், ஆழக் கிணறு தோண்டி இறைத்துமே இங்கு உழவு நடந்துவந்தது. அருகிக் கிடைக்கும் நீரைப் பகிர்ந்துண்ணும் ஒழுங்கு இல்லாதவிடத்து இந்நிலத்தில் வாழ்வு இல்லை.

நூல் தொழில் இவ்வாற்றங்கரைக்குப் புதிதன்று. பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம், இக்கரையிலுள்ள கொடுமணலே என்பது அறிஞர் பலரின் துணிபு. அங்கு நடந்த அகழாய்வுகளில் மணிக்கல் தொழில், இரும்புத் தொழில் ஆகியவற்றின் சான்றுகளோடு நூல் நூற்கும் சுடுமண் தக்களி வட்டுக்களும் கிடைத்துள்ளன.

கொங்குநாட்டில் சமண சமயம் வேரூன்றியிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. திருப்பூருக்கும் ஈரோட்டிற்கும் இடைப்பட்ட விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் உள்ளது; பெருங்கதை பாடிய கொங்குவேளிரை அவ்வூரோடு தொடர்புறுத்துதல் மரபு. இச்சமண அறமே பிற்காலத்தில் காந்தியடிகளின் அகிம்சை இயக்கமாக இங்கு வளர்ந்தது எனக் கூறுதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் 'அகிம்சை' என்னும் வடசொல் வந்தபோது அதன் பொருளை உணர்தற்குரிய சொற்கள் தமிழில் முன்னரே இருந்தன. திருவள்ளுவர் 'இன்னா செய்யாமை', 'கொல்லாமை' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கொல்லாமை உயிரைப் போக்காமை. இன்னா செய்யாமையோ எவ்வகைத் துன்பமும் இழைக்காமை. பின்னது முன்னதினும் பரந்தது. இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பின்னர் இதற்கு மீள்வோம்.

3. இராட்டையும் கூட்டுவாழ்வும்

அகில இந்திய நூற்போர் சங்கம் 1925ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர் தலைமையிடமாயிற்று. சுற்றியுள்ள சிற்றூர்களிற் பருத்தி விளைந்தமையும், நூற்கும் பழக்கம் அற்றுப்போகாமையும், புகைவண்டி வசதி அமைந்தமையும் இதற்குத் துணைசெய்த காரணங்களாம். காந்தியடிகள் திருப்பூருக்குப் பன்முறை வந்தார். வைக்கம் போராட்டத்திற் பங்கு கொண்டவரான கோவை அ. அய்யாமுத்து சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைச் செயலாளராக இருந்து கதர்ப்பணி ஆற்றினார்.

கதர் அயல்நாட்டுத் துணியைப் புறக்கணித்தற்குரிய கருவி மட்டுமே எனக் கொள்வோர் அதன் ஒரு பாதியையே கண்டவராவர். மழை பொய்த்த காலத்து உழவுத் தொழிலாளர் வீட்டில் கைகள் ஓய்ந்திருக்கும். வறுமை வயிற்றை மட்டும் வாட்டுவதில்லை. தான் எதற்கும் பயனில்லாதவன் என்னும் எண்ணத்தையும் உள்ளத்தில் விதைக்கின்றது. அவ்வீட்டுப் பெண் கொட்டை நீக்கிய பஞ்சைப் பட்டையாக்கி நூற்றுச் சிட்டமிட்டுச் சந்தை நாளிற் கொண்டுவந்தபோது அவள் பெற்ற கூலி சிறிதே. ஆயினும் அவள் நூலை நெய்தற்கு ஒருவர், வெளுத்தற்கு ஒருவர், தலையிற் சுமந்து விற்றற்கு ஒருவர், அதனை உடுத்தற்கு ஒருவர் எனப் பலர் ஓரிழையாற் பிணைக்கப்பெற்றனர். தன் உழைப்பு பிறர்க்கு வேண்டப்படுகின்றது என்னும் அறிவே அவள் பெற்ற பெரும்பேறு. இதனையே நாம் ஆறுதல் என்கின்றோம்.

இவ்வமைப்பின் குறைகளையும் மறைத்தல் தகாது. நூற்போர் பெற்ற கூலி மிகக் குறைவு என்பதைக் காந்தியடிகளே உணர்ந்தார். 1935ஆம் ஆண்டு, வாழ்க்கைக்குப் போதிய கூலி வேண்டும் என்னும் கொள்கையை அவர் வற்புறுத்தச் சங்கமும் அதனை ஏற்றது. கூலி உயரின் கதர்விலை உயரும், விற்பனை குன்றும் என்னும் அச்சம் இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. ஏழையின் உழைப்பை மலிவாகக் கொள்ளுதலும் ஒருவகை வன்முறையே என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

மற்றொரு குறை சாதி வேறுபாடு. 1922ஆம் ஆண்டு திருப்பூரில் நடந்த காங்கிரசு மாநாட்டில், அனைவரும் கோயிலுள் நுழையும் உரிமை வேண்டும் என்னும் தீர்மானத்தை ஈ. வெ. இராமசாமி கொண்டுவந்தார், அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கதர்ப்பணியில் முன்னின்ற அவர் 1925ஆம் ஆண்டு காங்கிரசை விட்டு நீங்கினார். ஒரே நூலை உடுத்தியோர் ஒரே வாயிலில் நுழைய இசைந்திலர். கூட்டுவாழ்வு இவ்விடத்திற் குறைவுற்றமையின் ஆறுதலும் குறைவுற்றது என்க.

4. 1932ஆம் ஆண்டு நிகழ்ச்சி

வட்டமேசை மாநாட்டினின்று திரும்பிய காந்தியடிகள் 1932 சனவரி 4ஆம் நாள் சிறைப்படுத்தப்பெற்றார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பகுதியாகத் திருப்பூரில் சனவரி 10ஆம் நாள் ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பி. எஸ். சுந்தரம் அதற்குத் தலைமை தாங்கினார். காவலர் தடிகொண்டு தாக்கினர். தலையில் அடிபட்டு வீழ்ந்த குமரன் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள், சனவரி 11ஆம் நாள், மருத்துவமனையில் அவர் உயிர் துறந்தார். 1904ஆம் ஆண்டு சென்னிமலையிற் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தேழு.

'கொடிகாத்த குமரன்' என்னும் பெயர் இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆயின் அப்பெயர் நம் பார்வையைக் கொடியில் நிறுத்திவிடுகின்றது. கொடியைப் பற்றிய கையை நோக்குதல் வேண்டும். அது திருப்பி அடிக்காத கை. நெசவுக்குடியிற் பிறந்த ஒருவர், படைக்கலம் ஏந்தாத சிறு குழுவோடு, அடி விழும் என அறிந்தே தெருவில் நடந்தார். பகைவனைக் கொல்லாமல் அச்சத்தைக் கொல்லுதல் இயலும் என அவ்வூரார் அன்று கண்டனர். தோல்வி போலத் தோன்றிய அந்நிகழ்ச்சி ஊரார் நினைவில் இழப்பாக நில்லாமல் நம்பிக்கையாக நின்றமைக்குக் காரணம் இதுவே.

5. ஆறு நோயுற்ற வரலாறு

பின்னல் தொழில் திருப்பூரில் 1920களில் சிறிதாகத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் அது பெருகிற்று. 1970களின் இறுதி தொட்டு ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதியும் வளர்ந்தது. இத்தொழில் பன்னூறாயிரம் குடும்பங்கட்குச் சோறளித்தது; வறண்ட நிலத்து உழவர் மக்கள் பலர் தொழில் முதல்வராயினர். இந்நன்மையை மறுப்பார் இலர்.

ஆயின் வெள்ளைப் பின்னலாடை வண்ண ஆடையாக மாறியபோது கேடும் உடன் வந்தது. பருத்தித் துணியிற் சாயம் பற்றுதற்கு உப்பு மிகுதியாகச் சேர்த்தல் வேண்டும். பயன்பட்ட நீர் அவ்வுப்போடும் சாயத்தோடும் நொய்யலிற் சென்றது. வழக்கமான சுத்திகரிப்பு முறை நிறத்தை ஓரளவு நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. உழவர்க்கெனக் கட்டி 1992ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் தரிசாயின. அவ்வணை குமரன் பிறந்த சென்னிமலைக்கு அணித்தாக இருத்தல் வரலாற்றின் கொடிய முரண்.

இங்கேதான் முன்னர்க் கூறிய வேறுபாடு விளக்கம் பெறுகின்றது. சாயப்பட்டறையார் எவரையும் கொல்ல எண்ணினாரல்லர். உழவரோடு அவர்க்குப் பகையும் இல்லை. கொல்லாமை அவரிடம் இருந்தது; இன்னா செய்யாமை இல்லையாயிற்று. வன்முறை தடியின் வடிவில் வந்தபோது அடையாளம் கண்ட ஊர், அது நீரின் வடிவில் வந்தபோது நெடுங்காலம் கண்டிலது. அடித்தவன் அயலான் ஆதலின் முன்னது எளிதிற் புலப்பட்டது; பின்னதில் அடிப்பவரும் அடிபடுபவரும் ஓரூரார், ஓரோவழி உறவினர். தன் கையின் குற்றத்தைத் தானே காணுதல் அரிது.

6. மீட்சி

நொய்யல் பாசன உழவர் சங்கமாகத் திரண்டு நீதிமன்றத்தை நாடினர். 2006ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாமை வேண்டும் எனக் கட்டளையிட்டது. 2009ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் சாயப்பட்டறையாரின் பொறுப்பை உறுதி செய்தது. கட்டளை நிறைவேறாமையின் 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடப் பணித்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பெற, வேலையிழந்த தொழிலாளர் பலர் ஊர் விட்டு நீங்கினர். இத்துன்பமும் கணக்கில் வைத்தற்குரியது. அதன்பின் சவ்வூடு வடித்தும் காய்ச்சியும் நீரையும் உப்பையும் மீளப் பெறும் முறை அங்கு நிலைபெற்றது. உழவர் பட்டறைகளைத் தீயிட்டிலர். முறையீட்டையும் பொறுமையையுமே கருவியாகக் கொண்டனர். 1932ஆம் ஆண்டின் வழி இதுவேயன்றோ?

மரம் நடுதல் மற்றொரு முயற்சி. 2015ஆம் ஆண்டு தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' என்னும் திட்டத்தின்கீழ்ப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட கன்றுகள் நடப்பெற்றுள்ளன. தொழில் முதல்வர் பொருளுதவ, நிலமுடையோர் நீரும் வேலியும் தர, இளைஞர் குழி தோண்ட, அப்பணி நடக்கின்றது. ஆற்றின்பொருட்டு எதிரெதிர் நின்றோர் ஒரு கன்றின்பொருட்டு அருகருகே நிற்றல் சிறிய செய்தியன்று.

நகரின் வடபால் நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் பறவைகளின் புகலிடமாக உள்ளது. 2022ஆம் ஆண்டு அது தமிழகத்தின் பதினேழாம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. 2024ஆம் ஆண்டு இராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய நீர்நிலையாகவும் ஏற்கப்பெற்றது. இயற்கை ஆர்வலரும் ஊராரும் பல ஆண்டு செய்த முயற்சி அதற்கு அடிப்படை. வடபுலத்தினின்று வலசை வரும் பறவைகள் அங்குத் தங்குகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து பின்னலாடைக் கூடங்களில் உழைப்போரும் ஒருவகையில் வலசை வந்தோரே. பறவைக்குக் குளம் புகலாயிற்று. இவர்க்கு ஊர் புகலாதல் இன்னும் முற்றுப்பெறவில்லை. விடுதியறையிற் தனித்துக் கிடக்கும் அவருள்ளத்திற்கு ஆறுதல் யாது என்பது இனி அவ்வூர் விடையிறுக்க வேண்டிய வினா.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திருப்பூர் மக்கள் பெற்ற ஆறுதல் தனியிருந்து கண்மூடிப் பெற்றதன்று என்பது புலனாம். கைகள் ஒன்றுகூடிய தொழிலிலும், அடிக்கு அடி திருப்பாத உறுதியிலும், நீரையும் மரத்தையும் பேணிய பொறுப்பிலும் அது விளைந்தது. நிலம் நோயுற்றிருக்க மனம் மட்டும் நலமுறுதல் இல்லை. அயலான் துன்புறத் தான் மட்டும் அமைதி பெறுதலும் இல்லை.

நொய்யல் இன்னும் முற்றும் தூய்மை எய்திற்றில்லை. நகரக் கழிவு அதிற் கலந்துகொண்டேயிருக்கின்றது; உவர்த்த நிலங்கள் பல பண்டை வளத்தை மீளப் பெறவில்லை. ஆயினும் தான் செய்த இன்னாமையைத் தானே கண்டு, அதற்குரிய விலையையும் கொடுத்துத் திருந்தத் தொடங்கிய ஓர் ஊர் நம்பிக்கைக்கு உரியதே. முன்னர்ப் பரிசில் பெற்றவன் எதிர்வந்த வறியவனுக்கு வழி கூறுதல் ஆற்றுப்படையின் இலக்கணம். ஆறுகளை இழந்து வருந்தும் பிற தொழில் நகரங்கட்குத் திருப்பூர் அவ்வாறு வழி கூறும் நிலை எய்துமாயின், குமரன் விடாது பற்றியது கொடியை மட்டுமன்று என்பது நிலைநாட்டப்பெறும்.