மீட்பர் என்னும் பட்டம்

இயேசுவைக் கிறிஸ்துவர்கள் மீட்பர் என்றும் இரட்சகர் என்றும் அழைக்கிறார்கள். இச்சொல் அன்றைய மக்களின் காதில் எப்படி ஒலித்தது? அதைத் தெரிந்துகொண்டால்தான் விவிலியத்தில் அதற்குள்ள கனம் விளங்கும்.

கிரேக்க மொழியில் 'சோட்டேர்' என்றால் காப்பாற்றுபவர் என்று பொருள். அது அரசர்கள் சூடிக்கொண்ட பட்டம். எகிப்தை ஆண்ட முதலாம் தாலமிக்கு அதுவே சிறப்புப் பெயர். இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே நகரில் கிடைத்த கி.மு. 9-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ரோமப் பேரரசர் அகஸ்டஸை மீட்பர் எனப் போற்றுகிறது. அவர் பிறந்த நாளே உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்றும் கூறுகிறது.

இப்போது லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தொடக்கத்திலேயே அதே அகஸ்டஸ் வருகிறார். குடிமதிப்பு எடுக்க ஆணையிடுகிறார். ஆனால் மீட்பர் பிறந்தார் என்ற செய்தி, இரவில் ஆட்டுக்கிடை காத்த ஏழை இடையர்களுக்கே முதலில் சொல்லப்படுகிறது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம், தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட ஒரு குழந்தை!

இயேசு என்ற பெயருக்கே 'ஆண்டவர் மீட்கிறார்' என்பதுதான் பொருள். ஆயினும் நான்கு நற்செய்திகளிலும் இப்பட்டம் மூன்றே இடங்களில் வருகிறது. அவற்றில் ஒன்று, மரியாள் கடவுளைப் போற்றிப் பாடும் இடம். இயேசுவைக் குறிப்பவை இரண்டுதான். தம்மைத் தவிர வேறு மீட்பர் இல்லை என்று கடவுளே கூறுவதாக ஏசாயா நூலின் 43-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த மரபில் வந்தவர்கள் இயேசுவை அப்பெயரால் அழைத்தது சாதாரணச் செய்தி அல்ல.

மூன்றாவது இடம் யோவான் 4-ஆம் அதிகாரம். யூதர்கள் ஒதுக்கிவைத்திருந்த சமாரியர்கள் இயேசுவை உலகின் மீட்பர் என்கிறார்கள். கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். இரண்டு நாள் அவரோடு இருந்த பிறகு, இனி உன் சொல்லுக்காக நம்பவில்லை, நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்று அவளிடம் சொல்கிறார்கள்.

தனிமனித நம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஜான் வெஸ்லி முறையாகக் குருப்பட்டம் பெற்றவர். அமெரிக்காவுக்குச் சென்று மறைப்பணி ஆற்றியவர். ஆனாலும் 1738 மே 24-ஆம் நாள் இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான், கிறிஸ்து தம்முடைய பாவத்தையே போக்கினார் என்ற உறுதி தமக்குப் பிறந்தது என எழுதினார். அதுவரை ஊருக்குச் சொன்னது அன்று அவருக்கே உரியதாயிற்று.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் வாய்த்திருக்கின்றன. பழைய வேதாகமத்தின் 'இரட்சகர்' காப்பவரைக் குறிக்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தின் 'மீட்பர்', அடகுப் பொருளை மீட்பதுபோல் விலை கொடுப்பவரை நினைவூட்டுகிறது. பலருக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாக இயேசு சொன்னதை மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் காணலாம்.

பெற்றோரிடமிருந்து ஒருவருக்கு மதம் வந்து சேரலாம். பெயரும் வந்து சேரலாம். 'என் மீட்பர்' என்று சொல்லும் உறுதியை, அந்தச் சமாரியர்களைப் போல, அவரவரே கேட்டுத்தான் பெற வேண்டும்.