கம்பியில்லாக் கருவியும் ஊர் ஒலிபெருக்கியும்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் கொல்லிமலையில், சாமையும் தினையும் பயிரிட்டுவரும் மலையாளிப் பழங்குடியினருடன் சேர்ந்து சிறுதானியப் பாதுகாப்பில் ஈடுபட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் கம்பியில்லாத் தகவல் வலையமைப்பு ஒன்றையும் தொடங்கியது. விதையானாலும் தகவலானாலும் அது ஊராரின் கைக்கு எட்டவேண்டும் என்னும் ஒரே கொள்கையே இவ்விரு பணிகளுக்கும் அடிப்படையாகும்.

வலையமைப்பின் மையமாக வில்லியனூர் அமைந்தது. அங்குத் தொலைபேசி இணைப்பின் வழியே இணையத்திலிருந்து பெறப்பட்ட தகவல்கள், உள்ளூரில் திரட்டப்பட்ட விவரங்களுடன் சேர்க்கப்பட்டு, வி.எச்.எஃப். எனப்படும் 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் இருவழி வானொலிக் கருவிகளால் சிற்றூர் அறிவு மையங்களுக்கு அனுப்பப்பட்டன. கம்பி இழுப்பதற்கான செலவும் காத்திருப்பும் இதனால் தவிர்ந்தன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகளும் பயன்பட்டன.

இதே காலகட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் மிடாஸ் நிறுவனத்துடன் உருவாக்கிய கார்டெக்ட், கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவு வரையுள்ள வீடுகளுக்குக் குரலையும் இணையத்தையும் ஒருங்கே வழங்கியது. ஆயினும், கோபுரமும் வீட்டுக் கருவியும் ஒன்றையொன்று மறைப்பின்றி நோக்கியிருந்தால்தான் இத்தொலைவு கிட்டும் என்பதால், மேடுபள்ளம் மிகுந்த மலைப்பகுதிகளைவிடச் சமவெளிக்கே அது ஏற்றதாக இருந்தது.

அலை கடந்துவந்த தகவல் கணினித் திரையிலேயே நின்றுவிட்டால், கணினியைத் தொட்டறியாத மீனவருக்கு அதனால் பயனில்லை. எனவே புதுச்சேரி வலையமைப்பைச் சேர்ந்த மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெறப்பட்ட அலை உயர முன்னறிவிப்பு, கடலுக்குப் புறப்படுவோர் அறியும்படி ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த, அதே வலையமைப்பைச் சேர்ந்த நல்லவாடு என்னும் ஊரின் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தபோது, அந்த எச்சரிக்கையை ஊர் முழுவதும் பரப்பி மக்களை வெளியேறச் செய்தது அவ்வூர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியே ஆகும்.

கருவிகளின் வேகத்தையும் திரைகளின் தெளிவையும் மட்டும் பதிவுசெய்யும் தொழில்நுட்ப வரலாறு இந்த இறுதிக் கண்ணியைத் தவறவிடுகிறது. செய்தியை மக்களின் மொழியில் ஆக்கி, அவர்கள் வாழும் இடத்தில் ஒலிக்கச் செய்த சிற்றூர்ப் பணியாளர்களின் உழைப்பும் கம்பியில்லாத் தொடர்பின் வரலாற்றில் இடம்பெறவேண்டிய ஒன்றாகும்.