மொறிஸ் மைனருக்கு மாற்று எஞ்சின்

கொக்குவிலில் ஐயா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் பிக்கப்புக்கு வேறு எஞ்சின் பூட்டுவதென்று மருமகன் தீர்மானித்துவிட்டான். 1960ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட வாகனம். எண்தட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து உண்டு. அந்த எழுத்துக்காக 1957இலும் 1958இலும் இந்த நாட்டில் நடந்தவை தனியே எழுதப்பட வேண்டியவை. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் பொறிக்கப்பட்ட இலக்கமும் இன்றுவரை ஒன்றுதான். அறுபத்தைந்து ஆண்டுகளாக மாறாத அந்த இலக்கத்தை மாற்றத்தான் வேண்டுமா என்று நான் கேட்டேன்.

"மாமா, அது இனிச் சரிவராது. நீங்கள் வேண்டுமென்றால் ஒருக்கால் ஓடிப் பாருங்கோ" என்றான் அவன்.

ஓடிப் பார்த்தேன். தட்டாதெருச் சந்தி வரைக்கும் போவதற்குள் அடிவயிற்றிலிருந்து எழுந்த தட்டுச் சத்தம் அவன் சொன்னதை உறுதி செய்தது. கிராங் தண்டின் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. தண்டை ஏற்கெனவே இரண்டு தடவை கடைந்தாயிற்று. இங்கிலாந்திலிருந்து புதிய பாகங்கள் தருவிக்கலாம், ஆனால் அந்தச் செலவுக்கு முழுமையான ஜப்பானிய எஞ்சின் ஒன்றையே கியர்பெட்டியோடு வாங்கிவிடலாம். அவனுக்குக் கோழித்தீவனம் ஏற்ற வண்டி வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீளத் திறக்கப்பட்டபோது, வரியோடு சேர்ந்து வந்த விலைகளைப் பார்த்த எவரும் பழைய வண்டியைத் துடைத்து வைத்துக்கொள்ளத்தான் செய்வர்.

எனது தயக்கத்துக்குக் காரணம் இரும்பின்மீதுள்ள பற்று மட்டுமன்று. அந்த எஞ்சின் எப்படித் தேய்ந்தது என்பதை நான் அறிவேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் பல மடங்கு விலையில் கிடைத்தது. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை வெளியூர் நண்பர்கள் ஒரு வேடிக்கையாகவே கேட்பர். வேடிக்கை ஒன்றுமில்லை. அது பழைய உழவு இயந்திரங்களின் நுட்பம். பிரித்தானியாவில் 1949இல் வந்த பேர்குசன் உழவு இயந்திரம் ஒன்றே பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றும்படி அமைக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, ஆகவே வெப்பம் வேண்டும். அழுத்தம் கூடினால் தட்டும், ஆகவே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். உழவு இயந்திரத்தில் இரண்டையும் தொழிற்சாலையே செய்திருந்தது. எங்கள் கார்களுக்கு அதை ஊர் மெக்கானிக்குகள் செய்தனர்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விடவேண்டும். அது பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பின்னால் வெண்புகை எழும், தெருவெல்லாம் குப்பிவிளக்கு வாசனை வீசும். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் தண்ணீர் போலாகும், பேரிங் தேயும். அடிக்கடி எண்ணெய் மாற்றுவதே இதற்குப் பரிகாரம். அதையும் எங்கே வாங்குவது?

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது எங்கள் பிக்கப்பும் அந்தச் சனத்துக்குள் நின்றது. பின்பெட்டியில் அம்மம்மாவும் அயல்வீட்டு மூன்று பிள்ளைகளும் இரண்டு மூடை அரிசியும். நான் பக்கத்தில் நடந்து வந்தேன். மழை பெய்தது. வண்டி ஓர் அடி நகரும், நிற்கும். ஐயா எஞ்சினை அணைக்கவேயில்லை. அணைத்தால் மீண்டும் கிளப்பப் பெற்றோல் வேண்டும், போத்தலில் ஒருதரத்துக்கு மட்டுமே இருந்தது. 20 கிலோமீற்றர்கூட இல்லாத சாவகச்சேரிக்கு மறுநாள் மதியமே சேர்ந்தோம். அவ்வளவு நேரமும் அந்த எஞ்சின் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. றேடியேற்றருக்கு வெள்ளவாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடித்து ஊற்றியது நான்தான். இப்போது கேட்கும் தட்டுச் சத்தம் அன்று தொடங்கியது என்பது ஐயாவின் முடிவு. அவர் இறக்கும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இதை மருமகனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதற்கு ஓய்வு குடுக்கத்தானே வேணும்" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

மறுமொழி தேடப் போய் வாசித்தவையும் அவன் பக்கமே பேசின. மொறிஸ் மைனரின் வரலாறே ஓர் எஞ்சின் மாற்றத்தின் வரலாறு. அலெக் இசிகோனிஸ் அதை வடிவமைத்தபோது, நான்கு சிலிண்டர்களும் இருபுறமும் படுத்திருக்கும் தட்டையான புதிய எஞ்சின் ஒன்றையே மனத்தில் வைத்திருந்தார். அது கைகூடவில்லை. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்த மைனருக்குள் போருக்கு முந்திய மொறிஸ் எயிட் காரின் 918 சிசி பழைய எஞ்சின்தான் இருந்தது. 1952இல் மொறிஸும் அதன் பரம வைரியான ஒஸ்ரினும் ஒரே நிறுவனமாக இணைந்தன. உடனே ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் ஏறியது. 1956இல் அது 948 ஆயிற்று, 1962இல் 1098 ஆயிற்று. ஆக, நான் "பிறந்தபோதிருந்த இதயம்" என்று போற்றிய எங்கள் 948, உண்மையில் எதிராளி வீட்டிலிருந்து வந்தது. தட்டை எஞ்சினுக்கென விடப்பட்ட அகன்ற முன்னறைதான், வேறு எஞ்சின்களுக்கு மைனர் இவ்வளவு தாராளமாக இடம் கொடுப்பதற்கும் காரணம்.

எந்த எஞ்சின் என்பது அடுத்த கேள்வி. மருமகன் முதலில் கேட்டது டீசல். இந்நாட்டில் டீசல் நெடுங்காலம் பெற்றோலைவிட மலிவாக இருந்ததால், பழைய பிரித்தானிய வண்டிகளுக்கு டீசல் எஞ்சின் பூட்டுவது ஒரு மரபாகவே ஆயிற்று. இங்கிலாந்தில் பீற்றர்பறோவில் பிராங்க் பேர்கின்ஸ் 1932இல் தொடங்கிய நிறுவனமும் தனது ஆரம்ப நாட்களில் லொறிகளின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுத் தன் டீசல் எஞ்சினைப் பூட்டும் வியாபாரத்தைச் செய்ததுதான். ஆனால் லொறிக்குப் பொருந்துவது மைனருக்குப் பொருந்தாது. மைனரின் முன்பாரத்தைத் தாங்குவது இரண்டு முறுக்குத் தண்டுகள். கனத்த வார்ப்பிரும்பு டீசல் எஞ்சினை அவற்றின்மேல் வைத்தால் மூக்கு தரையை நோக்கும், ஸ்ரியரிங் இறுகும். ஊரில் அப்படிப் பூட்டிய ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கையில் வலி எடுத்தது.

இறுதியில் டட்சன் 1200இன் எஞ்சின் என்று முடிவாயிற்று. 1171 சிசி, 1970இல் சனி காரோடு வந்தது. பாரம் குறைவு. அதே எஞ்சின் பூட்டிய சிறிய பிக்கப்புகள் ஜப்பானில் 1990கள் வரை செய்யப்பட்டமையால் பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்னமும் அகப்படும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரினோடு ஓர் ஒப்பந்தம் செய்து, இங்கிலாந்துக் கார்களை யப்பானில் பொருத்தி, படிப்படியாக அவற்றின் பாகங்களையும் தானே செய்து தொழில் கற்றது. அந்த ஒஸ்ரின் எஞ்சின் ஒன்றின் பிஸ்ரன் வீச்சைக் குறைத்தே தனது ஒரு லீற்றர் எஞ்சினையும் ஆக்கிக்கொண்டது. 1200 எஞ்சின் அதன் நேர் வாரிசு அன்று, பின்னாளில் புதிதாக வந்தது. ஆயினும் அதைச் செய்த கை ஒஸ்ரினிடம் பழகிய கை.

கராஜ்காரர் எழுபது வயதைக் கடந்தவர். எஞ்சினை வாங்குவதற்கு முன்னர் பட்டியல் ஒன்றை எழுதும்படி சொன்னார். எழுதினோம். எஞ்சினைத் தனியே வாங்கக்கூடாது. கியர்பெட்டி, கிளச், வயர்க்கட்டு, தாங்கிகள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். ஐந்து கியர்ப் பெட்டி கிடைத்தால் நல்லது, ஏனெனில் சுமைவண்டியான இதன் பின்னச்சு வேகத்துக்கு அமைந்ததன்று. கார்டன் தண்டை வெட்டி ஒட்டிச் சமநிலை பார்க்கவேண்டும். பிறேக்கைப் பற்றி அவர் அதிக நேரம் பேசினார். 1962இல் எஞ்சினை 1098 ஆக்கியபோது மொறிஸ் தொழிற்சாலையே காரின் முன் பிறேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருப்பித்தது. வெறும் 150 சிசி கூடியதற்கே அப்படி. "ஓடப் பண்ணுறது பெரிய வேலை இல்லைத் தம்பி, நிற்கப் பண்ணுறதுதான் வேலை" என்றார் அவர். பிறேக்குக்கான பணத்தை முதலில் ஒதுக்கினோம்.

நான் அறியாதிருந்த ஒன்றையும் அவர் சொன்னார். அக்காலத்து மொறிஸில் பற்றரியின் நேர்முனையே உடலோடு பூமியிணைப்புச் செய்யப்பட்டிருக்கும். ஜப்பானிய எஞ்சினின் ஒல்ரனேற்றருக்கு எதிர்முனை வேண்டும். மறந்து இணைத்தால் முதல் நாளிலேயே ஒல்ரனேற்றர் எரிந்துவிடும்.

பிறகு கடதாசி வேலை. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இலக்கத்தைப் பதியவேண்டும். இலக்கம் சுரண்டப்பட்ட எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் தொடுவதில்லை என்றும், முறையான பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுப்பதில்லை என்றும் மருமகனிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் அவனோடு கொழும்புக்குப் போகிறேன்.

பழைய எஞ்சினை என்ன செய்வது என்று கராஜ்காரர் கேட்டார். இரும்புக்குக் கொடுப்பதில்லை என்று நான் சொல்ல வாயெடுக்குமுன் மருமகன் சொல்லிவிட்டான். பிளக் துவாரங்களில் எண்ணெய் ஊற்றி, சாக்கால் மூடி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில் பலகையின்மேல் வைப்பதாக ஏற்பாடு.