லட்சம் பேருக்குப் போன 'டெஸ்ட்' மெயில்: மார்க்கெட்டிங் ஆட்டோமேஷனில் சான்ட்பாக்ஸ் அமைப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணி. புனே விமான் நகரில் ஓர் அலுவலகம். உடன் வேலை செய்பவர்கள் ஃபீனிக்ஸ் மாலுக்குக் கிளம்பிவிட்டார்கள். 'டெஸ்ட் 1, ப்ளீஸ் இக்னோர்' என்ற தலைப்போடு ஒரு மெயிலை உங்களுக்கே அனுப்பிப் பார்க்க நினைக்கிறீர்கள். லிஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து 'சென்ட்' அழுத்துகிறீர்கள். அடுத்த நொடி திரையில் தெரியும் எண்ணிக்கை ஒன்று அல்ல, 1,40,000.

கற்பனைதான். ஆனால் படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நிஜமாகவே இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2021 ஜூன் 17 அன்று, அமெரிக்காவின் எச்பிஓ மேக்ஸ் ஓடிடி தளத்தின் வாடிக்கையாளர்கள் பலருக்கு 'இன்டெகிரேஷன் டெஸ்ட் ஈமெயில் #1' என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தது. உள்ளே இருந்தது சோதனைக்கான ஒரு வரி மட்டுமே. தவறுதலாகப் போய்விட்டது என்று மன்னிப்புக் கேட்ட நிறுவனம், இது ஒரு இன்டர்ன் செய்த தவறு என்றும், அவருக்குத் துணையாக இருக்கிறோம் என்றும் ட்விட்டரில் பதிவிட்டது. உடனே பலரும் வேலையில் தாங்கள் செய்த பெரிய தவறுகளை எழுதி அந்த இன்டர்னுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அந்தக் கதை நல்லபடியாக முடிந்தது. எல்லா மேனேஜரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாதே! அதனால் தவறே நடக்காதபடி இடத்தை அமைத்துக்கொள்வதுதான் நல்லது. அந்த இடத்துக்குப் பெயர்தான் சான்ட்பாக்ஸ்.

சான்ட்பாக்ஸ் என்றால் என்ன?

குழந்தைகள் மணலில் வீடு கட்டி இடிப்பதுபோல, நீங்கள் கட்டியும் கலைத்தும் பார்க்கக்கூடிய தனி அக்கவுன்ட். நிஜ வாடிக்கையாளர்கள் இருப்பது 'ப்ரொடக்‌ஷன்'. அங்கே இருக்கும் ஃபார்ம், ஈமெயில், வொர்க்ஃப்ளோ எல்லாம் இங்கேயும் இருக்கும். ஆனால் இங்கிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது.

எல்லா மென்பொருளிலும் இது ஒரே மாதிரி இருக்காது. ஹப்ஸ்பாட்டில் எண்டர்பிரைஸ் திட்டங்களில் கிடைக்கிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட ஜோஹோவின் சிஆர்எம்-மிலும் சான்ட்பாக்ஸ் வசதி உண்டு. மார்கெட்டோவில் அது தனி இன்ஸ்டன்ஸ். அங்கே கட்டிய ப்ரோகிராமை 'இம்போர்ட்' செய்து ப்ரொடக்‌ஷனுக்குக் கொண்டுவரலாம். சேல்ஸ்ஃபோர்ஸில் 4 வகைகள் இருக்கின்றன. டெவலப்பர் வகையை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். மொத்தத் தரவையும் நகலெடுக்கும் ஃபுல் வகையை 29 நாட்களுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்க முடியும். எனவே எந்தத் தேதியில் ரீஃப்ரெஷ் என்று முன்கூட்டியே டீமில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திட்டத்தில் சான்ட்பாக்ஸே இல்லையே?

கவலை வேண்டாம், 2 வழிகள் இருக்கின்றன. ஒன்று, தனியாக ஒரு டிரையல் அக்கவுன்ட் எடுத்து, அதில் நிஜ லிஸ்ட்டை ஏற்றாமல் வேலை பழகுவது. இரண்டு, மாடிக் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை உங்கள் லேப்டாப்பிலேயே நிறுவுவது. அதோடு மெயில்பிட் என்ற சிறு கருவியைச் சேர்த்துவிட்டால், நீங்கள் அனுப்பும் எல்லா மெயிலையும் அது பிடித்து வைத்துத் திரையில் காட்டும். ஒன்றுகூட இன்டர்நெட்டுக்குப் போகாது. பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

முதல் வேலை: பொய் மனிதர்களை உருவாக்குங்கள்

டெஸ்ட் செய்ய நிஜ வாடிக்கையாளர் லிஸ்ட்டை நகலெடுக்காதீர்கள். இது வெறும் ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயமில்லை, சட்டமும்கூட. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. தரவைக் காக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால், அதில் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. டெஸ்ட் அக்கவுன்ட்டில் கிடக்கும் நகலும் தனிநபர் தரவுதான்.

பொய் மனிதர்களுக்கு எந்த முகவரி கொடுப்பது? 'டெஸ்ட்.காம்' என்று கைக்கு வந்ததைத் தட்டிவிடாதீர்கள். அது வேறொருவருக்குச் சொந்தமான டொமைன். இதற்கென்றே 'எக்ஸாம்பிள்.காம்', '.இன்வேலிட்' போன்ற பெயர்களை 1999-லேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மெயில் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டுமா? உங்கள் ஜிமெயில் பெயருக்குப் பின்னால் + குறியும் ஒரு எண்ணும் சேர்த்தால் போதும். ஒரே இன்பாக்ஸுக்கு எத்தனை 'வாடிக்கையாளர்கள்' வேண்டுமானாலும் கிடைப்பார்கள்.

பெயர்களிலும் கவனம் தேவை. அமெரிக்க கிளையன்ட்டுக்காகக் கட்டிய டெம்ப்ளேட் நம்ம ஊர்ப் பெயர்களில்தான் தடுக்கி விழும். 'கே. முருகன்' என்பவரின் முதல் பெயர்க் கட்டத்தில் இனிஷியல் மட்டும் இருந்தால், 'ஹாய் கே.' என்று மெயில் போகும். கடைசிப் பெயரே இல்லாதவர், 25 எழுத்துப் பெயர்க்காரர், பெயரைத் தமிழில் எழுதியவர், பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர் என ஒவ்வொரு வகைக்கும் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். முக்கியமாக, 'அன்சப்ஸ்கிரைப்' செய்துவிட்ட ஒருவரும் வேண்டும். அவருக்கு மெயில் போனால், வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது: ஒயர்களைத் துண்டியுங்கள்

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மெயிலை நிறுத்திவிட்டு எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், வெப்ஹூக் ஆகியவற்றை மறந்துவிடுவார்கள். நகலெடுத்த சான்ட்பாக்ஸில் பழைய ஏபிஐ கீ அப்படியே இருந்தால், அது நிஜ உலகத்தோடுதான் பேசிக்கொண்டிருக்கும். எந்தெந்த வெளி இணைப்புகள் இருக்கின்றன என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றையும் டெஸ்ட் கீ-க்கு மாற்றுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

சேல்ஸ்ஃபோர்ஸில் சான்ட்பாக்ஸ் உருவானதும் உங்கள் ஊழியர்களின் மெயில் முகவரிகளோடு '.இன்வேலிட்' ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஃபுல் நகலில் வாடிக்கையாளர்களின் முகவரிகள் அப்படியே இருக்கும். 'டெலிவரபிலிட்டி' செட்டிங்கை யாராவது திறந்துவிட்டால், மெயில் அவர்களுக்கே போகும். ஒவ்வொரு ரீஃப்ரெஷுக்குப் பிறகும் அதைப் பாருங்க.

மூன்றாவது: நேரத்தைச் சுருக்கிப் பாருங்கள்

'3 நாள் காத்திரு' என்ற படியை டெஸ்ட்டில் 3 நிமிடமாக்கினால் முழு வொர்க்ஃப்ளோவையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம். ஆனால் திரும்ப மாற்ற மறந்தால், ஒரு வாடிக்கையாளருக்கு 10 நிமிடத்தில் 4 மெயில்கள் போய்ச் சேரும். மாற்றியதை எல்லாம் ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள். அக்கவுன்ட்டின் டைம் ஸோனையும் பார்த்துவிடுங்கள். நியூயார்க் நேரத்தில் இருக்கும் அக்கவுன்ட்டில் நீங்கள் போடும் 'மாலை 6 மணி', புனேயில் நடுராத்திரி தாண்டியிருக்கும்.

நான்காவது: டெஸ்ட் என்று சத்தமாகச் சொல்லுங்கள்

2023-ல் உங்கள் போன் திடீரென்று அலறி, பேரிடர் எச்சரிக்கைச் சோதனைச் செய்தி ஒன்று வந்தது நினைவிருக்கிறதா? மத்திய தொலைத்தொடர்புத் துறை அனுப்பிய அந்தச் செய்தி, இது மாதிரிச் சோதனைதான், பொருட்படுத்த வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னது. அதே பழக்கம் நமக்கும் வேண்டும். ஒவ்வொரு டெஸ்ட் லிஸ்ட், மெயில் பெயருக்கு முன்பும் 'டெஸ்ட்' என்று சேருங்கள். சான்ட்பாக்ஸுக்குத் தனி பிரவுசர் ப்ரொஃபைலும் வேறு நிறமும் வைத்தால், எந்தத் திரையில் இருக்கிறோம் என்ற குழப்பம் வராது.

கடைசியாக: லைவ் போகும் முன்பு

2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருவதாக ஒரு பொய் எச்சரிக்கை போனது. பயிற்சி நேரத்தில் ஓர் ஊழியர் நிஜ எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். அதைத் திருத்தி மறுசெய்தி போக 38 நிமிடங்கள் ஆயின. அதன்பின் அங்கே வந்த விதி, 2 பேர் பார்த்த பிறகுதான் எச்சரிக்கை போக வேண்டும் என்பது. நீங்களும் அதையே பின்பற்றலாம். கட்டியவர் ஒருவர், 'சென்ட்' அழுத்த அனுமதிப்பவர் இன்னொருவர். அனுமதிப்பவர் கேட்க வேண்டியது 3 கேள்விகள்:

- எத்தனை பேருக்குப் போகிறது? எதிர்பார்த்த எண்ணிக்கைதானா?
- அன்சப்ஸ்கிரைப் செய்தவர்கள் நீக்கப்பட்டார்களா?
- தவறானால் நிறுத்துவது எங்கே, யார் நிறுத்துவார்?

முதலில் சில நூறு பேருக்கு மட்டும் அனுப்பி, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். போன மெயிலைத் திரும்ப அழைக்க முடியாது.

அப்படியும் தவறு நடந்துவிட்டதா? வொர்க்ஃப்ளோவை நிறுத்துங்கள். மறைக்காமல் உடனே மேனேஜரிடம் சொல்லுங்கள். வாடிக்கையாளர்களுக்குச் சுருக்கமாக ஒரு மன்னிப்பு மெயில் போதும். அதை அனுப்பும் முன்பும் சான்ட்பாக்ஸில் ஒருமுறை டெஸ்ட் செய்துவிடுங்கள்.