பாறை விரிசலைப் பிடிக்கும் கேம் கருவி: தோற்றமும் பயன்பாடும்

பாறையேற்றத்தில் முதலில் ஏறுபவருக்கு மேலிருந்து தாங்கும் கயிறு கிடையாது. ஏறும் வழியில் விரிசல்களில் தாமே பிடிப்புகளைப் பொருத்தி, இடுப்பிலிருந்து தொங்கும் கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டே செல்ல வேண்டும். கடைசிப் பிடிப்புக்கு 3 மீட்டர் மேலே கை நழுவினால் குறைந்தது 6 மீட்டர் விழுவார். அந்தப் பிடிப்பும் கழன்றால் அதற்கு முந்தையதை நம்ப வேண்டியதுதான். இந்த வேலைக்கு இன்று பெரிதும் பயன்படுவது ‘கேம்’ எனப்படும் சுருள்வில் கருவி. 1970களில் இது பெயர்பெற்ற களம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கு ஆகும்.

அதற்கு முன் அங்கே கோலோச்சியது பிட்டான் என்னும் எஃகு ஆணி. சுவிட்சர்லாந்தில் பிறந்த கொல்லரான ஜான் சலாதே 1940களில் கடினமான எஃகில் பிட்டான்களைச் செய்தார். பின்னர் இவான் ஷூயினார்டு அவற்றைத் தொழிலாகவே வளர்த்தார். பின்னால் வருபவர் ஆணியை அடித்துக் கழற்றிச் செல்வார்; அடுத்த குழு அதே இடத்தில் மீண்டும் அடிக்கும். விரல்நுனி நுழையாத விரிசல்கள் சில ஆண்டுகளில் வரிசையான குழிகளாயின. யோசெமிட்டியின் ‘செரினிட்டி கிராக்’ விரிசலில் அந்தத் தழும்புகளில் விரல் விட்டுத்தான் இன்றும் ஏறுகிறார்கள். 1972இல் ஷூயினார்டு தம் நிறுவனத்தின் பொருள் பட்டியலிலேயே பிட்டானைக் கைவிடச் சொன்னார். தம் விற்பனைச் சரக்குக்கு எதிராகவே ஒரு வணிகர் பேசுவது அரிது.

மாற்றாக வந்தவை ‘நட்’ எனப்படும் உலோகக் கட்டிகள். கீழ்நோக்கிக் குறுகும் விரிசலில் இவை ஆப்புப் போல் நிற்கும். ஆனால் யோசெமிட்டியின் கிரானைட் பாறையில் இரு சுவர்களும் இணையாக ஓடும் விரிசல்கள் ஏராளம். அங்கே கட்டி வழுக்கி வெளியே வந்துவிடும்.

இணைச் சுவர்களுக்குத் தேவை, இழுக்க இழுக்க விரியும் கருவி. சோவியத் மலையேறியும் பொறியாளருமான விட்டாலி அபலக்கோவ் வளைந்த விளிம்புடைய ஒற்றைக் கேமைச் செய்திருந்தார். அமெரிக்கரான கிரெக் லோ சுருள்வில் சேர்ந்த கேமுக்கு 1975இல் காப்புரிமை பெற்றார். விண்வெளிப் பொறியியல் துறையில் பணியாற்றிய ரே ஜார்டின், எதிரெதிராக விரியும் நான்கு இதழ்களை ஒரே அச்சில் கோத்து, ஒரு கையாலேயே சுருக்கி நுழைக்கும்படி அமைத்தார். அதன் பிறகுதான் இது எல்லாருக்கும் பயன்படும் கருவியானது.

இதழின் விளிம்பு, நத்தை ஓட்டை ஒத்த மடக்கைச் சுருள் வடிவம் கொண்டது. எனவே இதழ் எவ்வளவு விரிந்தாலும் அது பாறையைத் தொடும் கோணம் மாறாது. ஜார்டின் தேர்ந்த கோணம் 13.75 பாகை. இதன் விளைவை ஏறுபவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். விழும்போது கருவியை 6 கிலோநியூட்டன் விசை இழுத்தால், ஒவ்வொரு சுவரையும் ஏறக்குறைய 12 கிலோநியூட்டன் தள்ளும். உராய்வைத் தருவதும் பிடித்து நிறுத்துவதும் அந்தத் தள்ளுவிசையே. சுவர் என்று நாம் நம்பியது ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பாறைச் செதிலாக இருந்தால், அதைப் பெயர்த்து எறிவதும் அதே விசைதான்.

ஜார்டின் இக்கருவியைச் சில ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார். பிறர் முன்னிலையில் அதைக் குறிப்பிட ‘நண்பர்கள்’ என்ற சங்கேதச் சொல் வழங்கியதாகவும், அதுவே ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற வணிகப் பெயரானதாகவும் சொல்வர். 1977இல் அவர் ஏறிய ‘ஃபீனிக்ஸ்’ தடம் 5.13 என்ற கடினத் தரத்தைத் தொட்டது. மறு ஆண்டு, இங்கிலாந்தில் மார்க் வாலன்ஸ் தொடங்கிய ‘வைல்டு கன்ட்ரி’ நிறுவனம் ஃபிரண்ட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆணியடிக்கும் தேவையைக் குறைத்த இதே ஜார்டின், 1980களின் தொடக்கத்தில் ‘நோஸ்’ தடத்தில் உளியால் பிடிகளைச் செதுக்கிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொடக்ககால ஃபிரண்ட்ஸின் தண்டு வளையாத உலோகத்தால் ஆனது. கிடைமட்ட விரிசலில் அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், விழும் விசையில் பாறை விளிம்பில் மடங்கி ஒடியக்கூடும். பின்னர் வளையும் கம்பித் தண்டுகள் வந்தன. இரட்டை அச்சுள்ள ‘கேமலாட்’ ஒரே கருவியின் அளவு வீச்சைக் கூட்டியது. ஆனால் சரியாகப் பொருத்தும் பொறுப்பை எந்த மேம்பாடும் ஏறுபவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. இதழ்கள் நான்கும் பாறையைத் தொட வேண்டும். முழுக்க விரிந்து நுனியில் நிற்கும் கேம் சிறிது அசைந்தாலே கழன்றுவிடும். முழுக்கச் சுருக்கித் திணித்ததோ மீண்டும் வெளியே வராது. தண்டு, விழும்போது இழுபடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். கயிறு ஆட ஆட, கேம் விரிசலுக்குள் தானாக ‘நடந்து’ இடம் மாறும். அதைத் தடுக்கவே நீண்ட நாடாவில் காரபைனரை மாட்டுவர். ஈரமும் மண்ணும் உராய்வைக் குறைக்கும். பிட்டானை அடிக்கும்போது சுருதி ஏறும் ஓசையே அது உறுதியாக இறங்குவதைக் காட்டும். கேம் ஓசையின்றி நிற்பது. கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மென்மையான மணற்கல்லில் இந்த முடிவு இன்னும் கடினம். இதழின் அழுத்தத்தில் பாறையே நொறுங்கித் தடம் விழும். ஜெர்மனியின் எல்பே மணற்கல் மலைப்பகுதியில் உலோகப் பிடிப்புகளைப் பொருத்துவதற்கே விதி இடம் தருவதில்லை. அங்கே ஏறுபவர்கள், தொலைவுக்கு ஒன்றாகப் பதித்த வளையங்களுக்கு இடையில், கயிற்று நாடாவில் முடிச்சுப் போட்டு அந்த முடிச்சையே விரிசலில் செருகிக்கொள்கிறார்கள்.