டி ஃப்ளெடர்மாவுஸ்: ஓர் ஆள்மாறாட்டக் கதையின் வரலாறு

இளைய யோஹான் ஸ்ட்ராவுஸ் இசையமைத்த மூன்று அங்க நகைச்சுவை இசைநாடகம் டி ஃப்ளெடர்மாவுஸ் (வௌவால்). 1874 ஏப்ரல் 5 அன்று வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீன் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. நாடகப் பிரதி கார்ல் ஹாஃப்னர், ரிச்சர்ட் ஷெனே இருவர் பெயரிலும் வழங்குகிறது. ஆனால் கதைக்கரு இரவல். ஜெர்மானிய நாடகாசிரியர் ரோடரிக் பெனெடிக்ஸ் 1851இல் எழுதிய 'சிறைச்சாலை'யை எடுத்து, பாரிசின் மெய்யாக், அலெவி இரட்டையர் 1872இல் 'லெ ரெவெய்யோன்' என்று வேறு நாடகம் செய்தனர். அதுவே வியன்னா வந்து மீண்டும் ஜெர்மன் பேசியது. கணவனைக் கைதுசெய்ய வந்தவர் வீட்டிலிருக்கும் வேறொருவனைக் கணவனென்று நினைத்துக் கூட்டிப்போக, அந்த வீட்டுப் பெண்ணின் மானம் போகக்கூடாதென்று அவனும் வாய் திறக்காமல் போவதுதான் அந்தக் கரு.

வியன்னாக்காரர்கள் செய்த ஒரு மாற்றம் கதையின் இயல்பையே மாற்றிவிட்டது. பாரிஸ் நாடகத்தில் மனைவி இரவு விருந்துக்குப் போவதில்லை. ஏமாறுகிறவன் கணவன், ஏமாற்றுகிறவன் நண்பன், அவ்வளவுதான். வியன்னாவில் மனைவியும் முகமூடியோடு வருகிறாள். எட்டு நாள் சிறைத்தண்டனையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, ஓர்லோஃப்ஸ்கி இளவரசரின் விருந்துக்கு 'மார்க்கி ரெனார்' ஆகப் போகிறான் கணவன் ஐசென்ஸ்டைன். வேலைக்காரி அடேலெ எஜமானியின் உடையிலேயே நடிகையாகி நிற்கிறாள். சிறை அதிகாரி ஃப்ராங்க் பிரெஞ்சுப் பிரபு. மனைவி ரோசலிண்டெ ஹங்கேரியச் சீமாட்டி. பெண்களை மயக்க ஐசென்ஸ்டைன் வழக்கமாக நீட்டிக் காட்டும் சட்டைப்பைக் கடிகாரத்தை, தன் மனைவியென்று தெரியாமல் அவளிடமே நீட்டுகிறான். அவள் அதை லாவகமாகப் பறித்து வைத்துக்கொள்கிறாள். மூன்றாம் அங்கத்தில் சிறைக்குள், வக்கீல் வேடத்தில் வந்து மனைவியையும் அவள் காதலன் ஆல்ஃபிரெடையும் அதட்டிக் குறுக்கு விசாரணை செய்தபின் அவன் வேடத்தைக் கலைக்க, அவளோ கடிகாரத்தை எடுத்துக் காட்டுகிறாள். இங்கே தற்செயல் குறைவு. பெரும்பாலோர் தாமாகவே பெயர் மாற்றிக்கொண்டவர்கள். அதனால் எவரும் பிறரைக் குற்றம் சொல்லும் தகுதியோடு நிற்பதில்லை.

கட்டிய மனைவியை ஒரு முகமூடியால் அடையாளம் தெரியாமல் போகுமா என்ற ஆட்சேபம் பழையது. காதில் பூச்சுற்றும் வேலை என்று ஒதுக்குமுன், பிரதியாசிரியர்கள் எங்கே கவனமாக இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஃப்ராங்க் ஐசென்ஸ்டைனை முன்பின் பார்த்ததில்லை. ஆகவே முதல் அங்கத்தில் ஆல்ஃபிரெடைக் கைதுசெய்வதும், அடுத்த அங்கத்தில் உண்மையான கைதியோடு தோழமை கொண்டாடுவதும் ஒரே அறியாமையின் விளைவு. அடேலெயை ஐசென்ஸ்டைன் சந்தேகிக்கத்தான் செய்கிறான். அவளோ சிரித்துப் பாடி அவனைத்தான் சபையில் கேலிப்பொருளாக்குகிறாள். மனைவி விஷயத்தில் மட்டும் தர்க்கம் தளர்கிறது, உண்மைதான். ஆனால் புதியவளைத் தேடி வந்தவன் கண்ணுக்குப் பழையவள் தெரியாமல் போவது கதைக்குள் பொருந்தாத பலவீனம் அல்ல.

கதை வெறும் சாக்கு, நாடகத்தைத் தாங்குவது ஸ்ட்ராவுஸின் வால்ட்ஸ் இசையே என்பாரும் உண்டு. இரண்டாம் அங்கத்துக்கு அது பெருமளவு பொருந்தும். மூன்றாம் அங்கத்தில் பாட்டு குறைவு. பாடவே பாடாத குடிகாரச் சிறைக்காவலன் ஃப்ரோஷ் பேச்சிலேயே மேடையைப் பிடித்துவைக்கிறான். முடிச்சுகள் அவிழும் சுவாரசியம் இல்லையென்றால் அங்கே நாடகம் படுத்துவிடும். 1873 மே மாத வியன்னா பங்குச்சந்தைச் சரிவை மறக்கச் செய்ததால்தான் வென்றது என்ற விளக்கமும் அடிக்கடி சொல்லப்படுகிறது. வரவேற்புக்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கதைக்கு அது காரணமல்ல, ஏனெனில் பாரிஸ் நாடகம் சரிவுக்கு முந்தியது.

எல்லாம் ஐசென்ஸ்டைனின் நண்பன் ஃபால்கெயின் பழிவாங்கல் என்று முடிவில் அறிவிக்கப்படுகிறது. முன்பொருமுறை வௌவால் வேடத்தில் குடித்துக் கிடந்தவனை ஐசென்ஸ்டைன் விட்டுப்போக, பட்டப்பகலில் ஊர் சிரிக்க வீடு திரும்பியவன் அவன். ஆல்ஃபிரெட் வீட்டில் இருந்ததும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது என்று கூசாமல் சொல்லப்படுகிறது. ஆல்ஃபிரெடும் இளவரசரும் தனியே ஒப்புக்கொள்வது வேறு: நடந்தது அப்படியில்லை, ஆனாலும் கணவனின் நிம்மதியான நம்பிக்கையைக் கெடுப்பானேன். மற்ற பொய்களுக்குப் பொறுப்பு ஷாம்பெயின் தலையில் விழுகிறது. இந்தப் பொய் மட்டும் கடைசிவரை அவிழ்க்கப்படுவதில்லை.