கண்ணாடியைப் படம் பிடித்த கதை

பத்திரிகைக் காரியாலயமொன்றில் நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்கு, மரண அறிவித்தல் பகுதி தந்த அனுபவங்கள் தனியானவை. கணினியும் ஸ்கேனரும் வருவதற்கு முற்பட்ட அந்தக் காலத்தில், நினைவஞ்சலி வெளியிட வருபவர்களிற் சிலர் சுவரிலிருந்து கழற்றிய சட்டமிட்ட படத்தை அப்படியே துவாயில் சுற்றி எடுத்து வருவார்கள். வேறு பிரதி இராது. நெகட்டிவும் இராது. இடம்பெயர்ந்த வேளையில் மற்றவையெல்லாம் போய்விட, அந்த ஒரு படமே எஞ்சியிருக்கும். ஈரமும் ஊதுபத்திப் புகையும் பட்டு அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரிக்க முனைந்தால் முகமும் உரிந்து வந்துவிடும். ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே அதைப் படம் பிடிக்க வேண்டும்.

அவ்வாறு ஒரு தாய் தன் மகனின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த இளம் புகைப்படக்காரர் நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்து எடுத்தார். கழுவிப் பார்த்தபோது முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வெளிச்சம் மட்டுமே இருந்தது. ஃபிளாஷ் இல்லாமல் இரண்டாவது முறை எடுத்தார். இம்முறை மகனின் முகத்தின் மேல், கமராவைப் பிடித்தபடி நிற்கும் அவரது உருவமே பதிந்திருந்தது. தாய் வாங்கில் காத்திருந்தார். அப்போது எங்கள் மூத்த புகைப்படக்காரர் எழுந்து வந்தார். கறுப்புத் துணியொன்றில் கமராவின் வில்லை நுழையுமளவுக்குத் துளையிட்டு, அதைத் திரைபோலக் கமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். இரண்டு விளக்குகளைப் படத்தின் இரு பக்கங்களிலும் சரிவாக வைத்தார். "கண்ணாடி எப்போதும் தனக்கு முன்னால நிக்கிறதைத்தான் காட்டும் தம்பி. முன்னால ஒண்டும் இல்லாமற் செய்துபோட்டு எடும்" என்றார். மகனின் முகம் தெளிவாக வந்தது.

அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் நெடியதொரு வரலாறு இருப்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன். அதையே இங்கு எழுத விழைகின்றேன்.

புகைப்படக் கலை தோன்றிய நாளிலேயே கண்ணாடி அதன் முன்னால் வந்து நின்றுவிட்டது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பிரதேசத்திலுள்ள லேக்கொக் அபி என்ற தமது இல்லத்தில், 1835 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டல்பொட் என்ற அறிஞர் சிறிய கமராவொன்றினால் தமது வீட்டு யன்னலைப் படமெடுத்தார். தபால்தலையைவிடப் பெரிதும் மிகாத அந்தக் காகித நெகட்டிவ், கமராவினால் எடுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களுள் மிகப் பழையது. முதன்முதல் எடுக்கப்பட்டபோது, சுமார் 200 கண்ணாடித் துண்டுகளையும் உருப்பெருக்கியின் உதவியால் எண்ணக்கூடியதாக இருந்ததென அவரே அதனருகில் குறித்து வைத்துள்ளார்.

ஒன்பது ஆண்டுகளின் பின்னர் 'இயற்கையின் எழுதுகோல்' என்ற பொருள்பட ஒரு நூலை டல்பொட் வெளியிடத் தொடங்கினார். 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக, 24 படங்களுடன் அது வெளிவந்தது. விற்பனைக்கென வெளியிடப்பட்ட நூல்களுள் புகைப்படங்களைக் கொண்ட முதல் நூல் என்ற பெருமை அதற்குண்டு. அதன் மூன்றாவது படம் அடுக்குகளில் வைக்கப்பட்ட பீங்கான் பாத்திரங்களைக் காட்டுவது. நான்காவது படம் கண்ணாடிப் பாத்திரங்களைக் காட்டுவது.

பீங்கான் படத்தின் கீழ் டல்பொட் எழுதிய குறிப்பு ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது. இப்பொருட்களைக் கள்வன் ஒருவன் கொண்டுபோனால், இந்தப் படத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக முன்வைக்கலாமே, சட்டம் இதை எவ்வாறு ஏற்கும் என்று அவர் சிந்திக்கின்றார். வாய்பேசாத, ஆயினும் புதுவகையான சாட்சி! புகைப்படம் ஒரு சாட்சி என்ற எண்ணத்தை அக்கலையின் குழந்தைப் பருவத்திலேயே எழுத்தில் வைத்தவர் அவர்.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே அந்தச் சாட்சி தடுமாறுகின்றது. வெண்ணிறப் பீங்கானையும் கண்ணாடியையும் ஒரே படத்தில் சேர்த்து எடுத்தால் நன்றாக அமைவதில்லை என்று டல்பொட் ஒப்புக்கொள்கின்றார். பீங்கானின் பிரகாசம் காகிதத்தில் அழுத்தமாகப் பதிந்து முடிந்த பின்னரும் கண்ணாடியின் உருவம் தோன்றத் தொடங்கியிராது. நிறமுள்ள பீங்கானைச் சேர்க்கலாம். ஆனால் தூய நீலமாக இருத்தலாகாது, நீலம் ஏறக்குறைய வெள்ளையைப் போலவே விரைவாகப் பதிந்துவிடும் என்றும் அவர் கூறுகின்றார். பச்சை நிறமோ மிக மெதுவாகவே பதியும். அக்காலத்து வெள்ளி உப்புக்கள் நீலம், ஊதா ஒளிகளுக்கும் புற ஊதாக் கதிர்களுக்குமே பெரிதும் உணர்திறன் கொண்டிருந்தமைதான் இதற்குக் காரணம். 1873 இல் ஹேர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜேர்மனியர் சாயங்களைச் சேர்த்து ஏனைய நிறங்களுக்கும் உணர்திறனை நீட்டலாம் எனக் கண்டறிந்த பின்னரே இக்குறை படிப்படியாகத் தீர்ந்தது.

நிறத்தின் சிக்கல் தீர்ந்தது. பளபளப்பின் சிக்கல் தீரவில்லை. அதன் தன்மையைச் சற்று நோக்குவோம். நேரே வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைக் கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் திருப்பி அனுப்புகின்றது. சிறிய அளவுதான். ஆனால் எதிரே இருப்பது சூரியனாகவோ ஃபிளாஷாகவோ இருந்தால், அந்தச் சிறு பங்கே கண்ணாடிக்குப் பின்னாலுள்ள அனைத்தையும் மூழ்கடிக்கப் போதுமானது. எஞ்சிய ஒளி கண்ணாடியை ஊடுருவிச் சென்றுவிடும். ஆகவே தெளிந்த கண்ணாடிக்கெனச் சொந்த உருவம் மிகக் குறைவு. அது திருப்பி அனுப்புவதும் ஊடுருவ விடுவதும் சுற்றுப்புறத்தையே.

இந்தப் பளபளப்பின் இரகசியம் டல்பொட்டுக்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1808 இல் பாரிஸ் நகரில் எத்தியென் லூயி மாலுஸ் என்பவர், லக்சம்பேர்க் அரண்மனையின் யன்னல்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைப் பளிங்குக் கல்லொன்றின் ஊடாகப் பார்த்தார். ஒவ்வொரு பொருளையும் இரண்டாகக் காட்டும் அந்தக் கல்லைத் திருப்பத் திருப்ப, இரு பிம்பங்களின் பிரகாசமும் மாறி மாறிக் கூடிக் குறைந்தன. தெறித்து வரும் ஒளி ஒரு குறிப்பிட்ட திசையிலேயே அதிர்கின்றது என்பதன் அடையாளம் அது. 1815 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ்டர் அதற்குரிய கோண விதியை வகுத்தார். சாதாரண கண்ணாடியில், மேற்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகையில் தெறிக்கும் ஒளி முழுமையாக ஒரே திசையில் அதிரும்.

இதிலொரு வியப்பு உண்டு. இந்தப் புரூஸ்டர் டல்பொட்டின் நெருங்கிய நண்பர். கண்ணாடியின் பளபளப்பை விளக்கிய விதியை வகுத்தவரும், கண்ணாடியைப் படமெடுக்க முயன்றவரும் கடிதம் எழுதிக்கொண்ட நண்பர்கள். ஆயினும் அந்த விதியைக் கமராவில் இலகுவாகப் பயன்படுத்தத்தக்க பெரிய வடிகட்டி அன்று இருக்கவில்லை. பளிங்குப் பட்டகங்கள் சிறியவை, விலை மிகுந்தவை.

அந்த வடிகட்டிக்கான வித்து எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1852 இல் பிரிஸ்டல் நகர வைத்தியர் வில்லியம் பேர்ட் ஹெராபத், கொயினா மருந்துப்பொருளோடு அயடின் சேர்ந்தபோது உண்டான ஊசி போன்ற பளிங்குகளும் அதே தன்மை கொண்டவை என்று அறிவித்தார். அப்பளிங்குகளைப் பெரிதாக வளர்ப்பது மிகக் கடினமாக இருந்தது. புரூஸ்டர் தாம் கண்டுபிடித்த வண்ணக்காட்சிக் குழாயைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறிப்பிட்டிருந்தார். பல தசாப்தங்களின் பின்னர் அந்தக் குறிப்பை வாசித்த அமெரிக்க மாணவர் எட்வின் லாண்ட், பெரிய பளிங்குக்காகப் போராடாமல், எண்ணற்ற நுண் பளிங்குகளை ஒரே திசையில் அடுக்கி ஒரு தாளில் நிறுத்தினால் என்ன என்று சிந்தித்தார். 1929 இல் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பின்னாளில் பொலரோயிட் நிறுவனத்தை நிறுவியவர் அவரே.

லாண்ட் தமது வடிகட்டியை விற்க முயன்ற கதையொன்று பிரசித்தமானது. ஹோட்டல் அறையொன்றின் யன்னலோரத்தில், வெயில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் இடத்தில், தங்கமீன் தொட்டியொன்றை வைத்தாராம். வந்தவர்களுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. வடிகட்டியைக் கண்ணருகே பிடித்ததும் மீன்கள் தெரிந்தன. 1930களின் நடுப்பகுதியில் கொடாக் நிறுவனம் இந்த வடிகட்டிகளைப் புகைப்படக்காரர்களுக்கு விற்கத் தொடங்கியது.

கண்ணாடியையே திருத்த முடியுமா என்ற கேள்விக்கும் அதே தசாப்தத்தில் விடை கிடைத்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வாளர் கதரின் புளொட்ஜெட் அம்மையார், ஒரு மூலக்கூறு தடிப்பே கொண்ட படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக 44 அடுக்குகள் படியச் செய்து, பளபளப்பு ஏறக்குறைய இல்லாத கண்ணாடியை 1938 இல் அறிவித்தார். அந்தப் படலம் கைபட்டால் அழிந்துவிடக்கூடியதாக இருந்தது. எனினும் அதே தத்துவத்தில் அமைந்த உறுதியான பூச்சுக்கள் இன்று கமரா வில்லைகளிலும் அருங்காட்சியகச் சட்டங்களிலும் பயன்படுகின்றன.

இத்தனை வந்த பின்னரும், கண்ணாடிக் குவளையைப் படமெடுக்கும் தொழில்முறைக் கலைஞர் எங்கள் மூத்தவரின் வழியையே பின்பற்றுகின்றார். வடிகட்டி குறிப்பிட்ட கோணத்திலேயே முழுப்பயன் தரும். வளைந்த குவளைக்கோ கோணங்கள் பல. மேலும், பளபளப்பு முழுவதையும் அகற்றினால் குவளையே கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும். ஆகவே அவர் குவளைக்கு ஒளி பாய்ச்சுவதில்லை. அதன் சுற்றுப்புறத்துக்கே ஒளி அமைக்கின்றார். பின்னால் வெள்ளைத் திரையை ஒளிரச் செய்து பக்கங்களில் கறுப்பு அட்டைகளை நிறுத்தினால், குவளையின் விளிம்புகள் கறுத்த கோடுகளாக எழும். பின்னால் கறுப்பை வைத்துப் பக்கங்களில் ஒளி கொடுத்தால், விளிம்புகள் வெண்கோடுகளாக மிளிரும்.

புகைப்படம் பொய் சொல்லாது என்று எங்கள் தொழிலில் அடிக்கடி கூறுவதுண்டு. கண்ணாடி அதற்கொரு திருத்தம் சொல்கின்றது. அந்த இளைஞர் எடுத்த இரண்டு படங்களும் பொய்யல்ல. கண்ணாடிக்கு முன்னால் என்ன நின்றதோ அதையே அவை உண்மையாகக் காட்டின. ஆனால் அந்தத் தாய்க்குத் தேவையான உண்மை அதன் பின்னால் இருந்தது. சாட்சி உண்மை பேச வேண்டுமானால், படம் எடுப்பவர் தம்மை மறைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும்.

உலகெங்கும் பரந்து வாழும் எம்மவர் வீடுகளின் சுவர்களில் இவ்வாறான படங்கள் இன்னும் தொங்குகின்றன. அவற்றைக் கைத்தொலைபேசியில் பிரதி செய்ய முனைவோர் ஃபிளாஷை நிறுத்திவிடுங்கள். யன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து சரிவாக விழும்படி படத்தை வையுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து, துளையினூடாக எடுங்கள். ஒட்டிப்போன படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க மட்டும் முயலாதீர்கள்.

அந்தத் தாய் நினைவஞ்சலி வெளிவந்த பத்திரிகையில் இரண்டு பிரதிகள் வாங்கிச் சென்றார். சட்டமிட்ட படத்தை அதே துவாயில் மீண்டும் சுற்றிக்கொண்டார்.